பேய்ப் படக்கதையைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடலாமா?

வாசகர் கேள்வி:

எனது மகளுக்கு ஒன்பது வயது. தரம் 4இல் படிக்கிறாள். பொழுது பட்டபின் முற்றத்தில் தனியே இறங்க மாட்டாள். எங்கள் வீட்டில் மலசலகூடம் கிணற்றடிக்கு அப்பால் பின்வளவில் இருப்பதால், இரவில் நான் கூடப்போய் வாசலில் நிற்க வேண்டும். ஞாயிறு இரவு தொடங்கும் வயிற்றுவலி திங்கள் காலையில் வாந்தியாகிவிடுகிறது. அநேகமான திங்கட்கிழமைகளில் வீட்டில் நிற்கிறாள். இரண்டு வைத்தியர்களிடம் காட்டினோம். உடலில் குறையில்லை என்றார்கள். கனடாவில் இருக்கும் என் அக்கா ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்கள் மூன்று அனுப்பியிருந்தார். அவற்றில் ஒன்றில், இருண்ட வீட்டுக்குள் ஒரு நிழலுருவம் ஒரு சிறுமியைப் பின்தொடர்கிறது. இதை இவள் தொடவே மாட்டாள் என்று நினைத்தேன். அவளோ அதைத்தான் பத்துப் பதினைந்து தரம் படித்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்கிறாள். பேய்ப் புத்தகம் வீட்டில் இருந்தால் பிள்ளைக்குப் பயம் கூடும், கொளுத்திவிடு என்கிறார் என் அம்மா. ஒருநாள் இருட்டில் தனியே விட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் என் கணவர். சுனாமி வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதன்பிறகு நான் கடற்கரைக்குப் போவதில்லை, மகளையும் விடுவதில்லை. என்னுடைய பயம்தான் அவளுக்கும் வந்ததோ என்றும் யோசிக்கிறேன். புத்தகத்தை எடுத்துவிடலாமா?

– ஒரு தாய், திருகோணமலை

உளவளத்துணையாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டாம், கொளுத்தவே வேண்டாம். அதைப் பத்துப் பதினைந்து தரம் படித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி அதுதான். இரவில் நீங்கள் அவளைக் கைப்பிடித்து முற்றத்துக்கு அழைத்துச் செல்கிறீர்கள். இருட்டில் தள்ளிவிட்டால் சரியாகும் என்று அப்பா யோசிக்கிறார். பயத்துக்குக் காரணமானதை எரித்துவிடலாம் என்று அம்மம்மா நினைக்கிறார். எல்லோரும் அவள்மீதுள்ள அன்பினால்தான் இவற்றைச் சொல்கிறீர்கள். ஆனால் பயத்தை நோக்கி அவள் தன் காலால் நடந்து போகும் இடம் இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது அந்தப் புத்தகத்தின் பக்கங்களுக்குள் இருக்கிறது.

அப்படியொரு புத்தகத்தை நீங்களே ஒருமுறை நிதானமாகப் புரட்டிப் பாருங்கள். பக்கம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நிழலுருவம் எவ்வளவு பெரிதானாலும் அதைச் சுற்றி ஒரு கோடு இருக்கும். ஒரு கட்டத்தில் சிறுமி கதவுப் பிடியில் கை வைக்கிறாள். அடுத்த கட்டத்தில் கதவு திறந்திருக்கிறது. இடையில் நடந்ததை ஓவியர் வரையவில்லை. அந்தச் சிறிய வெற்றிடத்தை உங்கள் மகளின் மனமே இட்டு நிரப்புகிறது, அதுவும் அவளால் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறதோ என்று நெஞ்சு படபடக்கும்போது தாளின் நுனி அவளுடைய விரல்களுக்கு இடையில்தான் இருக்கிறது. திருப்பலாம், திருப்பாமல் இருக்கலாம், இரண்டு பக்கம் பின்னால் போய்ச் சிறுமி சிரித்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு வரலாம், மூடிவைத்துவிட்டு உங்கள் மடியில் தலைவைத்துப் படுக்கலாம். பதகளிப்பு உள்ள பிள்ளைக்குப் பகலிலும் இரவிலும் கிடைக்காத ஒன்று, பயத்தின் வேகத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை, அங்கே அவளுக்குக் கிடைக்கிறது. இரண்டாம் முறை படிக்கும்போது என்ன வரப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்சம் பயப்படுகிறாள். பத்தாம் முறை படிக்கும்போது அதே படத்தில் நிழலின் கண்கள் கவலையாக இருப்பதைக் கவனிக்கிறாள். ஒரே பயத்தைச் சிறிய அளவில், பாதுகாப்பான இடத்தில், திரும்பத் திரும்பச் சந்திப்பதுதான் எங்கள் துறையில் நாங்கள் செய்யும் சிகிச்சையும். அதை அவள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்திருக்கிறாள்.

தொலைபேசியில் ஓடும் பேய்க் காணொளிகளை இதோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அவற்றில் வேகத்தைத் தீர்மானிப்பது பார்ப்பவர் அல்ல. எதிர்பாராத நேரத்தில் ஓர் அலறல், திரை முழுவதும் ஒரு முகம் என்று உடலைத் திடுக்கிட வைப்பதற்கென்றே அவை செய்யப்படுகின்றன. மகள் அப்படியானவற்றைப் பார்க்கிறாளா என்று விசாரியுங்கள்; பார்த்தால் அவற்றை நிறுத்துங்கள். அக்கா அனுப்பிய மற்ற இரண்டு புத்தகங்களையும், இனி வரப்போகும் புத்தகங்களையும் நீங்கள் முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது. நான் முக்கியமாகப் பார்ப்பது கதையின் கடைசிப் பகுதியைத்தான். அங்கே பிள்ளை தானே ஒரு முடிவெடுக்கிறாளா, அல்லது பெரியவர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிறாரா? பேய்க்கு ஒரு முகமும் ஒரு காரணமும் இருக்கிறதா? பிள்ளைக்குத் துணையாகத் தம்பியோ தோழியோ ஒரு பூனையோ யாராவது இருக்கிறார்களா? இரத்தமும் கொடூரமும் இல்லாமல், நிழலும் மௌனமும் காற்றில் அசையும் திரைச்சீலையுமாகப் போகும் கதைகள் ஒன்பது வயதுக்குப் பொருத்தமானவை. படித்த பிறகு ஓரிரு இரவு உங்களை ஒட்டிப் படுத்தால் பரவாயில்லை. ஒரு வாரத்துக்கு மேலாகக் கெட்ட கனவு கண்டு விழிக்கிறாள் என்றால், அந்தப் புத்தகத்தை அவளிடம் சொல்லிவிட்டு, அவள் கையாலேயே அலுமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஒளித்துவைத்தால், பெரியவர்களும் பயப்படும் பொருள் அது என்று ஆகிவிடும்.

இனி அந்த வயிற்றுவலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைத்தியர்கள் குறையில்லை என்று சொன்னதால் அவள் நடிக்கிறாள் என்று வீட்டில் யாராவது நினைத்திருந்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். வலி மெய்யான வலிதான். மூளையில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி ஆபத்தை மணந்தறியும் காவல்காரனைப் போல இயங்குகிறது. அது மணி அடித்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தேவையான இரத்தம் கைகால் தசைகளுக்குப் போகிறது, அந்த நேரத்தில் வயிறு தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. வாந்தியும் குமட்டலும் வயிற்றுப் பிசைவும் அதனால் வருகின்றன. நம்முடைய பேச்சு இதை எப்போதோ கண்டுகொண்டது. வயிற்றைக் கலக்குகிறது என்றும், வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றும் நாம் சொல்வது வலிக்கும் பயத்துக்கும் உள்ள இந்த உறவைத்தான். அமெரிக்கப் படக்கதை ஓவியர் ரெய்னா டெல்கெமைர், தன் சிறுவயதில் பதகளிப்பினால் வயிறு படுத்திய பாட்டையும், பள்ளிக்கூடத்தையும் தோழிகளையும் நினைத்து நடுங்கியதையும், உளவளத்துணையாளர் ஒருவரிடம் போய்ப் பேசியதையும் 2019இல் ஒரு முழுப் புத்தகமாக வரைந்தார். அதன் பெயர் ‘கட்ஸ்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல் குடலையும் குறிக்கும், தைரியத்தையும் குறிக்கும். அதில் பேய் இல்லை. ஆனால் உங்கள் மகளைப் போன்ற வயிற்றுவலி கொண்ட ஒரு சிறுமி இருக்கிறாள். அக்கா அடுத்த பார்சல் அனுப்பும்போது இதைச் சேர்க்கச் சொல்லலாம்.

இங்கே ஒரு விடயத்தைப் பொறுப்போடு கேட்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமையில் அப்படி என்ன இருக்கிறது? பிள்ளையின் பயத்துக்கு நிஜமான காரணம் ஒன்று இருந்தால், அதைத் தைரியக் கதைகளால் மூடக் கூடாது. வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா, அன்றைக்கு வரும் பாடத்தில் அடி விழுகிறதா, வாகனத்தில் கூட வருபவர்களில் யாராவது தொல்லை கொடுக்கிறார்களா, அடுத்த ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி இப்போதே மிரட்டுகிறார்களா என்பதை, முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்காமல், மரக்கறி நறுக்கும்போதோ தலை பின்னும்போதோ மெல்ல விசாரியுங்கள். பிள்ளைகள் கண்ணைப் பார்த்துச் சொல்லாததைப் பக்கவாட்டில் இருந்துகொண்டு சொல்லிவிடுவார்கள். வகுப்பாசிரியரையும் தனியே சந்தியுங்கள். யாராவது அவளுக்குத் தீங்கு செய்வதாகத் தெரிந்தால் 1929 என்ற சிறுவர் உதவி எண் இருக்கிறது, தயங்க வேண்டாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், வீட்டில் நிற்கும் திங்கட்கிழமைகளைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். சொல்வதற்குக் கடினமாக இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்: பயந்த இடத்துக்குப் போகாமல் இருந்ததும் வரும் அந்த நிம்மதிதான் பயத்துக்குச் சாப்பாடு. ‘போகவில்லை, அதனால் தப்பினேன்’ என்று உடல் பாடம் படிக்கிறது. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பாடத்தை இன்னும் உரக்கச் சொல்கிறது. மலசலகூட வாசலில் நீங்கள் நிற்கும் ஒவ்வோர் இரவும் இதுவே நடக்கிறது. நீங்கள் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அழும் பிள்ளையோடு எந்தத் தாயும் கூடப் போகத்தான் செய்வாள்.

உங்கள் கணவர் சொல்லும் வழி நேரெதிரானது, அதுவும் உதவாது. தான் சம்மதிக்காத இருட்டில், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் விடப்பட்ட பிள்ளை, இருட்டு தான் நினைத்ததைவிடப் பொல்லாதது என்பதையும், அப்பா கைவிடுவார் என்பதையும்தான் அங்கே கற்றுக்கொள்ளும். அவருடைய நோக்கம் சரியானது. படி மட்டும் மிகப் பெரியது. அந்த ஒரு பெரிய படியை ஏழெட்டுச் சிறிய படிகளாக உடையுங்கள், அவற்றை உடைக்கும் வேலையை மகளிடமே கொடுங்கள். இப்போது வாசலில் நிற்கும் நீங்கள் முதலில் கிணற்றடி வரை மட்டும் வரலாம். அது சில இரவுகளில் பழகியபின் குசினி வாசலில் நிற்கலாம். அதற்குப் பிறகு குசினிக்குள் இருந்துகொண்டு குரல் மட்டும் கொடுக்கலாம். கடைசியில் ரோச் லைற்றோடு அவள் தனியே போய்வரலாம். பின்வளவில் பாம்பு பூச்சி இருக்கக்கூடிய ஊர் இது; வெளிச்சம் கொண்டு போவது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது, புத்திசாலித்தனம். ஒவ்வொரு படியிலும் ‘பயம் பத்துக்கு எத்தனை?’ என்று கேளுங்கள். எட்டு என்றால், அது ஐந்தாகும்வரை அந்த இடத்திலேயே இருவரும் நின்று கதையுங்கள். எட்டாக இருக்கும்போது உள்ளே ஓடிவந்தால் அன்றைய உழைப்பு வீணாகிவிடும். திரும்பி வந்ததும் ‘பார், ஒன்றும் இல்லையே’ என்று சொல்லாதீர்கள். அவளுக்கு இருந்தது, அது எட்டாக இருந்தது. ‘எட்டோடு போனாயே’ என்று சொல்லுங்கள்.

அம்மம்மாவிடம் பேசும்போது அவருடைய நம்பிக்கையின் உள்ளிருந்தே பேசலாம் என்று நினைக்கிறேன். பேயின் பெயரை எடுத்தாலே பேய் வந்துவிடும் என்று அவர் அஞ்சுகிறார் போலும். ஆனால் தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் பேய்களைப் பெயர் சொல்லாமல் விடவில்லை. கொள்ளிவாய்ப் பேயையும் குறளைப் பேயையும் அடங்கா முனியையும் வரிசையாக அழைத்து நிறுத்துகிறது. பிள்ளைகளைத் தின்னும் புழக்கடை முனிக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் மகள் நடுங்கும் இடமும் புழக்கடைதான். பயத்துக்கு ஒரு பெயர் கொடுத்து அதை எதிரே நிறுத்தும்போது அது சிறியதாகிவிடும் என்பதை அந்தப் பாடல் அறிந்திருக்கிறது. படக்கதைகள் செய்வதும் அதைத்தான். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழை அம்மம்மா சிறுவயதில் கண்டிருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். கையில் வாளும் தோளில் சடலமுமாக விக்கிரமாதித்தன் சுடுகாட்டு வழியே நடக்கும் அந்தப் படத்தை ஓவியர் சங்கர் வரைந்திருந்தார். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயந்து, பயந்தபடியே அடுத்த இதழுக்காகக் காத்திருந்தார்கள். அரசன் வாய் திறந்ததும் வேதாளம் பறந்துபோய் மறுபடியும் முருங்கை மரத்தில் தொங்கிவிடும். அவன் திரும்பிப் போகிறான், மறுபடியும் மரத்தில் ஏறுகிறான். ஒருமுறை வென்றவன் என்பதற்காக அல்ல, இத்தனை தடவை திரும்பிப் போனவன் என்பதற்காகவே அவனை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இரவுக்கு இரவு கிணற்றடிக்குப் போய்வரப்போகும் ஒரு சிறுமிக்கு அம்மம்மா சொல்லக்கூடிய கதை இதைவிட வேறெது? படுக்கப் போகுமுன் திருநீறு பூசிவிடும் வழக்கம் இருந்தால் அதுவும் தொடரட்டும்.

மகள் ஆங்கிலப் புத்தகத்தை எப்படிப் படிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் படங்களைப் பார்த்துத்தான் கதையைப் பிடித்திருப்பாள். அப்படியானால் பேச்சுக் குமிழ்களுக்குள் என்ன இருக்கும் என்று அவளையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவள் அந்தச் சிறுமியின் வாயில் வைக்கும் வார்த்தைகள் அவளுடைய சொந்த வார்த்தைகள். நேரடியாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காதவை. சில நாட்கள் கழித்து, வெள்ளைத் தாள்கள் இரண்டை மடித்து நடுவில் நூலால் தைத்து எட்டுப் பக்கங்களில் ஒரு சிறு புத்தகம் செய்து கொடுங்கள். பக்கத்துக்கு நான்கு கட்டங்கள் போதும். கதை நடப்பது கனடாவின் மாடிவீட்டில் வேண்டாம். உங்கள் வளவில், உங்கள் கிணற்றடியில், இந்த ஊரில் நடக்கட்டும். கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் வீதிக்கு வருவதை அவள் பார்த்திருப்பாள். இருட்டில் இரண்டு கண்கள் பச்சையாக எரிகின்றன என்று முதல் கட்டம். சிறுமி மூச்சை இழுத்து மெதுவாக விடுகிறாள் என்று இரண்டாவது. ரோச் லைற்றை உயர்த்துகிறாள் என்று மூன்றாவது. நான்காவதில் வாயில் ஏதோ மென்றுகொண்டு ஒரு மான். மானின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால்தான் அது அப்படி மினுங்குகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். காரணம் தெரிந்த வெளிச்சம் பேயாக நீடிப்பதில்லை. இது என் யோசனை மட்டும்தான். அவள் வேறு கதை வரைந்தால் அவளுடைய கதையே நல்ல கதை. பேய் கடைசிவரை போகாமல் அவளுடைய கட்டிலுக்கு அடியிலேயே குடியிருந்தாலும் திருத்தாதீர்கள். பயத்தோடு சேர்ந்து வாழப் பழகுவதும் ஒரு முடிவுதான்.

கடைசியாக, உங்களைப் பற்றிய கேள்வி. உங்கள் பயம் அவளுக்கு வந்திருக்குமா என்றால், ஒரு பங்கு வந்திருக்கலாம். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பிள்ளைகள் புதிய ஒன்றைக் கண்டால் முதலில் தாயின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். முகம் சொல்வதை வைத்துத்தான் கிட்டப் போவதா விலகுவதா என்று முடிவெடுக்கிறார்கள். கடலின் பக்கம் திரும்பும்போதெல்லாம் இறுகும் ஒரு முகத்தை அவள் ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறாள். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று கண்டதை, அதற்குப் பிறகு யாரும் உட்கார வைத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். அன்று எல்லோரும் எல்லாவற்றையும் இழந்து நின்றார்கள். அந்தப் பயத்துக்கு நிஜமான காரணம் இருந்தது. இப்போது மகளுக்குச் சொல்லும் அதே படிகள் உங்களுக்கும் பொருந்தும். காற்றில்லாத ஒரு மாலையில் டச்பே கடற்கரைக்குப் போய், மணலில் இறங்காமல், வீதியோரத்தில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். முதல் தடவைக்கு அது போதும். ‘அம்மாவுக்கு இன்றைக்கு ஒன்பது இருந்தது, பிறகு ஆறாகியது’ என்று வந்து மகளிடம் சொல்லுங்கள். பயமே இல்லாத அம்மாவைவிட, பயத்தோடு போய்வந்த அம்மா அவளுக்கு அதிகம் உதவுவாள். கடலை நினைக்கும்போதே மூச்சு அடைக்கிறது, அந்தக் காட்சிகள் கண்முன் வருகின்றன என்றால், தனியே முயலாதீர்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணை அழையுங்கள். மகளுக்கும் இதே கதவு திறந்திருக்கிறது. இரண்டு மாதம் இந்தப் படிகளில் முயன்றும் திங்கட்கிழமைகள் மாறவில்லை என்றாலோ, சாப்பாடு குறைந்து எடை இறங்கினாலோ, விளையாடப் போவதையும் விட்டுவிட்டாலோ அழைத்துச் செல்லுங்கள்.

இன்றிரவு வேறெதையும் தொடங்க வேண்டாம். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருக்கச் சொல்லும்போது, சமையலை அரை மணித்தியாலம் தள்ளிவைத்துவிட்டு உட்காருங்கள். நிழலுருவம் வரும் பக்கம் நெருங்கியதும் அவளுடைய கை நிற்கும். உதவி செய்வதாக நினைத்து நீங்கள் தாளைத் திருப்பிவிடாதீர்கள். அவளாகத் திருப்பும்வரை காத்திருங்கள்.